கறிவேப்பிலை வாசமடித்த வண்டி

என் கணவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திய அன்று அவர் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மதுக்கரை மார்க்கெட்டைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இடது பக்கம் ஒரு மொபெட் வந்தது. எனக்கு அது வெகு தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர் ஒதுங்கவே இல்லை. நான் கத்தியதும் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். மொபெட்காரர் திட்டிவிட்டுப் போனார். இவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"ஓரத்துல வர்றது எனக்குத் தெரிய மாட்டேங்குது அம்மணி," என்றார். "நேரா பார்த்தா எல்லாம் தெரியுது. பக்கத்துல இருக்கறது இல்லாமயே போயிருது."

"எத்தனை நாளா இப்படி இருக்குதுங்க?"

அவர் இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். அவர் திறந்த பிறகுதான் எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது இருவருக்கும் உறைத்தது. தெரிந்த பையனை வரச்சொல்லி வண்டியை வீட்டுக்கு எடுத்துவந்தோம்.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு அது ஒரு வசதிக்குறைவு, அவ்வளவுதான். இவருக்குத் தொழிலே அதில்தான் இருந்தது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைச் சரிபார்த்து, எரிந்த கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றி, அதாவது காயில் கட்டி, திரும்ப இறக்கிக்கொடுப்பது அவர் வேலை. தொண்டாமுத்தூரிலிருந்து பல்லடம் வரைக்கும் தோட்டங்களில் அவரைத் தெரியும். தண்ணீர் வரவில்லை என்று போன் வந்தால் அன்றைக்கே போய் நிற்க வேண்டும்.

சில மாதங்கள் டிரைவர் வைத்துப் பார்த்தோம். ஒருவர் வரும் நாளில் மோட்டார் கெடாது. மோட்டார் கெட்ட நாளில் அவர் வரமாட்டார். ஒரு காலையில் காபி கொடுக்கும்போது, "நான் ஓட்டறனுங்க," என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாலுமா?" என்று கேட்டார். அந்தக் குரலை இன்றும் மறக்க முடியவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கூட இருந்ததெல்லாம் கல்லூரிப் பெண்கள். "அக்கா, கிளட்சு மேல இருந்து காலை எடுங்க, அது கால் வெக்கற பலகை இல்லீங்க," என்று சொல்லிக்கொடுப்பவர் தினமும் கெஞ்சுவார். எட்டு போடும் பரீட்சையில் முதல் தடவை கோட்டை மிதித்தேன். இரண்டாம் தடவை லைசென்ஸ் கிடைத்தது. அன்று மாலை எங்கள் மகள் பெங்களூரிலிருந்து போனில் வாழ்த்திவிட்டு, புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கச் சொன்னாள்.

இவர் மனதில் வேறு வண்டி இருந்தது. இவர் அதுவரை ஓட்டிய பழைய லோடு வண்டியை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் விசேஷத்துக்கும் போக முடியாது. சின்னக் காரில் மோட்டாரை ஏற்ற முடியாது. இருபக்கமும் வேலி கட்டிய மண் தடங்களில், நாங்கள் இட்டேரி என்று சொல்வோம், அதன் அடி தட்டிவிடும். உயரமான, ஏழு பேர் உட்காருகிற டீசல் வண்டி வேண்டும். பின்சீட்டை மடக்கினால் மோட்டாரும் கேபிளும் வைக்கலாம். புதிதாக வாங்குவது எங்களுக்கு எட்டாது. பழையது, நன்றாக ஓடித் தேய்ந்தது, அதுதான் எட்டும்.

"அத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடுனதை யாராவது வாங்குவாங்களாப்பா?" என்றாள் மகள்.

"புதுசுல என்ன கெடும்னு நமக்குத் தெரியாது கண்ணு. பழசுல எது எப்பக் கெடும்னு ஓரளவுக்குச் சொல்லிப்போடலாம்," என்றார்.

பழைய வண்டி விற்கும் இடங்களுக்கு வாராவாரம் போனோம். எல்லா வண்டியும் பளபளவென்று நின்றன. ஒன்றில் பானெட்டைத் திறந்ததும் என்ஜின் கறுப்பாக மின்னியது. எனக்குப் பிடித்துவிட்டது. இவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் எங்க கசியுதுன்னு தெரியக் கூடாதுன்னு கழுவியிருக்காங்க," என்று என் காதில் சொன்னார். இன்னொன்றில் மீட்டர் மிகக் குறைவாகக் காட்டியது. அவர் குனிந்து பிரேக் பெடலைத் தொட்டார். ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது, மீட்டர் சொல்வதைவிட நிறைய ஓடிய வண்டி. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். சிறு வயதிலிருந்து கையாலும் காதாலும் மோட்டார் பார்த்த மனிதர். கண் குறைந்த பிறகு அந்த இரண்டையும் இன்னும் அதிகமாக நம்பத் தொடங்கியிருந்தார்.

காரமடைப் பக்கம் இவர் மோட்டார் மாட்டிக்கொடுத்த ஒரு விவசாயிதான் ஒரு அக்காவைப் பற்றிச் சொன்னார். கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கிறவர், சொந்தமாக வண்டி ஓட்டுகிறவர், இப்போது விற்கப்போகிறார் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது மோர் நிறம். பின்கதவில் ஒரு பெரிய நசுங்கல். யாரும் துடைத்து மினுக்கியிருக்கவில்லை. நான் கதவைத் திறந்ததும் கறிவேப்பிலை வாசம் முகத்தில் வந்து மோதியது. கட்டுக்கட்டாகப் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி, வருஷக்கணக்கில் அந்த வண்டியில்தான் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். சீட் துணியிலும் கூரைத் துணியிலும் அது ஊறிப்போயிருந்தது.

அக்கா வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். என்னைப் போலவே குட்டை. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார். இடுப்பில் முதுகு வலிக்கான பெல்ட் கட்டியிருந்ததால் நடை விறைப்பாக இருந்தது.

"வாங்க, வாங்க. யாரு ஓட்டறதுங்க? சாருங்களா?"

"நான்தானுங்க," என்றேன்.

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. "அப்ப நீ முன்னால வா கண்ணு. அவுரு பின்னால ஏறட்டும்."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவிங் ஸ்கூல் காரில் தினமும் சீட்டை முன்னால் இழுத்து, முதுகுக்குத் துண்டு வைத்து, கண்ணாடியைத் திருப்பி, பெரிய பாடு. இதில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. பழைய சேலையை மடித்துத் தைத்த ஒரு மெத்தை அடியில் இருந்தது. கால் பெடலுக்கு எட்டியது, பார்வை சாலைக்கு எட்டியது. "அந்த மெத்தையை எடுத்துப்போடாதே, அதோடதான் குடுக்கறேன்," என்றார் அக்கா.

ஊரைச் சுற்றி ஓட்டினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் இருந்த இவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மறைச்சு விக்கறதுக்கு எனக்கு வராதுங்க. இருக்கறதைச் சொல்லிப்போடறேன். கிளட்சு ரொம்ப நாளுக்குத் தாங்காது. முன்னாடி அடியில ரப்பர் புஷ்ஷெல்லாம் போச்சு, குழியில எறங்குனா டக்குடக்குங்கும். ரேடியேட்டர் ஒருக்கா ஒழுகி, ஓட்டையை ஈயத்துல அடைச்சிருக்குது. டர்போவுல இன்னும் கை வெக்கல. அது போச்சுன்னா செலவைப் பார்த்து நீங்க அழுவீங்க. ஏசி எனக்கு எதுக்குன்னு அதை நான் பார்க்கவே இல்லை."

"இன்ஜெக்டருங்க?" என்று கேட்டார் இவர்.

"காலையில மொத தடவை ஸ்டார்ட் பண்ணும்போது புகை வருதுங்க. அப்புறம் வராது. அது எதுனாலன்னு உங்களுக்குத் தெரியும்."

மீட்டர் மூன்று லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் இவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, என்ஜினின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். கூட்டச் சொன்னார், குறைக்கச் சொன்னார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிற மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"மனசார ஓடுதுங்க," என்றார் கடைசியில்.

அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது, டாக்டர் கிளட்சை மிதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால்தான் விற்கிறேன் என்று பிறகு காபி குடிக்கும்போது சொன்னார். "என்ற கொழுந்தனாரு கேட்டாருங்க. குடுக்க மனசில்லை. அவுரு வண்டியை அடிச்சு ஓட்டுவாரு."

அடுத்த வாரம் நானே அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். துடியலூர் சிக்னலில் வண்டி நின்றுபோக, பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். "அவுரு அடிக்கட்டும். நீ மெதுவா சாவியைத் திருப்பு," என்றார் இவர். திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

வண்டி வந்த முதல் மாதம் பாதி நாள் குனியமுத்தூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில்தான் நின்றது. கெட்டுப்போனதால் இல்லை, கெடப்போவதற்காக. எதை உடனே மாற்ற வேண்டும், எது மழைக்காலம் வரை தாங்கும், எதைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இவரும் மெக்கானிக்கும் கல்யாணத்துக்குச் சமையல் பேசுகிற மாதிரிப் பேசுவார்கள். என்ஜின் ஆயில், கியர் ஆயில், பில்டர்கள், பிரேக், அடி புஷ், ஃபேன் பெல்ட், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாகின. ஹோஸைக் கழற்றியபோது மெக்கானிக் சொன்னார்:

"அண்ணா, எல்லாம் கழட்டியாச்சு. கையோட வாட்டர் பம்பையும் மாத்திரலாமுங்ணா."

என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பு அது. இவர் அதன் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஆட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"இது நல்லாத்தான் இருக்குது தம்பி. பம்பு பாக்கறதுதான் என்ற பொழப்பு. இன்னும் வருசக்கணக்குல ஓடும்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். பம்பு விஷயத்தில் இவரிடம் யார் பேசுவது? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனது லேசாகிவிடுகிறது. கல்யாணமாகி அத்தனை காலம் அவர் காலையில் கிளம்பிப் பொழுதோடு வருவார். அவர் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று எனக்குப் பேச்சளவில்தான் தெரியும். இப்போது நானும் கூடவே போனேன். மோட்டாரை மேலே தூக்கும் ஆட்கள் தனியாக அவர்கள் வண்டியில் வந்துவிடுவார்கள். அவர்கள் வேலை செய்யும்வரை நான் தோட்டத்துப் பெண்களோடு பேசிக்கொண்டிருப்பேன். திரும்பும்போது பின்சீட்டில் ஒரு பூசணிக்காயோ, ஒரு சீப்பு பூவன் பழமோ, முருங்கைக்காய்க் கட்டோ கட்டாயம் இருக்கும்.

போகும் வழியில் நான் பார்ப்பதையெல்லாம் அவருக்குச் சொல்லுவேன். முதலில் அது அவர் கேட்டு ஆரம்பித்தது. "அந்தப் புளியமரம் இன்னும் இருக்குதா?" என்பார். பிறகு கேட்காமலே சொல்லப் பழகிவிட்டேன். பேரூர் தாண்டிப் பாக்குத் தோப்பு பச்சையாக இருக்கிறது, மலை மேல் மேகம் இறங்கியிருக்கிறது, இந்த வீட்டுக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள், அடிக்காமலே விட்டிருக்கலாம். அவர் சிரிப்பார். பதிலுக்கு அவர் வண்டியைச் சொல்லுவார். "இடது முன் சக்கரத்துல பேரிங் பேச ஆரம்பிச்சிருக்குது. இன்னும் ஒரு மாசம் பேசட்டும், அப்புறம் மாத்திக்கலாம்." "பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு, கீச்சுன்னுது பாரு." எனக்கு எதுவும் கேட்காது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

எல்லாத் தடவையும் இல்லை. ஒரு சமயம் பின்னாலிருந்து ஒரு கிணுகிணுப்பு கேட்க ஆரம்பித்தது. பின் சக்கரத்துக்குப் போகிற ராடின் ஜாயின்ட் போய்விட்டது என்று முடிவாகச் சொன்னார். வாரக்கணக்கில் அதே கவலை. மெக்கானிக் வண்டியைத் தூக்கி ஜாயின்ட்டைக் கழற்றினார். அது நன்றாக இருந்தது. சத்தம் மட்டும் போகவில்லை. கடைசியில் நான் பின்சீட்டுக்கு அடியில் கூட்டும்போது சாப்பாடு கொண்டுபோகிற எங்கள் தூக்குப்போசியின் மூடி கிடைத்தது. தொலைந்துவிட்டது என்று நான் தேடிக்கொண்டிருந்த மூடி. அதைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். தட்டிப் பார்த்தார். "ஆமா, இதே சத்தந்தான்," என்றார், அப்போதும் பெரிய நிபுணர் மாதிரி.

காரமடை அக்கா அவ்வப்போது போன் செய்வார். எங்கள் நலம் விசாரித்து முடித்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"கிளட்சு வந்துருச்சா கண்ணு?"

ஊரிலிருந்து வரும் ஒறம்பரையை, சொந்தக்காரரை, விசாரிப்பது போல இருக்கும்.

"இன்னும் வரலீங்க்கா."

"வரும். ஏத்தத்துல இழுக்காது, கருகுன வாசம் அடிக்கும். கருவேப்பிலை வாசத்துல உனக்குத் தெரியாமப் போயிரப்போகுது, பார்த்துக்க."

அது ஆனைகட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகும்போது வந்தது. மேட்டில் ஏறும்போது என்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. சூடான ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டேன். "வந்துருச்சுங்க்கா!" என்றேன். "நான் சொன்னேனில்ல!" என்று அந்தப் பக்கம் அவர் குதூகலமாகக் கத்தினார். அதற்குப் பிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம்.

நாங்கள் எதிர்பார்த்தவையெல்லாம் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தன. எதிர்பார்க்காமல் வந்து எங்களை வழியில் நிறுத்தியது ஒன்றே ஒன்றுதான், அது பல்லடத்துக்குப் போன அன்று வந்தது.

நல்ல சித்திரை வெயில். காலையிலேயே ஒரு கோழிப் பண்ணைக்காரரிடமிருந்து போன். அவருடைய மோட்டார் முந்தைய நாளே எரிந்து, எங்களிடம் காயில் கட்ட வந்திருந்தது. தொட்டியில் இருக்கும் தண்ணீர் மதியம் வரைக்கும்தான் வரும் என்றார். கொட்டகைக்குள் மேலிருந்து தண்ணீரைத் தூறல் போலத் தெளித்துக்கொண்டே இருந்தால்தான் கறிக்கோழிகள் அந்த வெயிலைத் தாங்கும். தெளிப்பு நின்றால் மதிய வெயிலில் கொத்துக்கொத்தாகச் செத்து விழும். "எப்படியாச்சும் வந்துருங்கண்ணா," என்றவரின் குரல் உடைந்திருந்தது.

மோட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். செட்டிபாளையம் தாண்டியதும் இவர் கையை உயர்த்தினார். நான் பேசுவதை நிறுத்தினேன்.

"கீச்சுன்னு ஒண்ணு கேக்குது. பெல்ட்டு பக்கம்."

"எனக்குக் கேக்கலீங்க."

"முள்ளைப் பாரு. சூடு முள்."

பார்த்தேன். எப்போதும் நடுவில் நிற்கிற முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வேப்ப மரம் ஒன்றின் கீழே நிறுத்தினேன். பானெட்டைத் திறந்து சூடு தணியும்வரை காத்திருந்து, அவர் உள்ளே கையை விட்டுத் தடவினார். வெளியே எடுத்தபோது விரலில் என்ஜினைக் குளிர்விக்கிற பச்சை நிறத் தண்ணீர். பெல்ட் ஓடுகிற அந்தச் சக்கரத்தை ஆட்டினார். அது ஆடியது, எனக்கே தெரிகிற அளவுக்கு.

வாட்டர் பம்பு.

நான் மெக்கானிக்கின் முகத்தையும் இவர் அன்று சொன்ன பதிலையும் நினைத்துக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் பம்பு பாக்கறவன் வண்டியில பம்பு போச்சு பாரு," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்த மொட்டை வெயில் நேரத்தில் சாலையோரத்தில் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எங்களை என்ன நினைத்தார்களோ.

சிரித்து முடித்ததும் கோழிகள் நினைவு வந்தது. வேறு வண்டிக்குச் சொல்லலாம். வந்து சேர நேரமாகும். மெக்கானிக்குக்குப் போன் செய்தோம். ஒழுகல் கொஞ்சமாக இருந்தால் தண்ணீர் ஊற்றி ஊற்றி மெதுவாக ஓட்டலாம், முள் சிவப்பைத் தொட்டால் ஒரு அடிகூட நகரக் கூடாது என்றார் அவர். டீக்கடையில் கேட்டுக் குடங்களில் தண்ணீர் வாங்கி, எங்களிடம் இருந்த கேன்களையெல்லாம் நிரப்பிக்கொண்டோம்.

கிளம்பும்போது இவர் கையை நீட்டி ஹீட்டரைப் போட்டார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"என்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும். அதுக்கு அந்த மட்டுக்கும் பாரம் குறையும்."

அதாவது அந்தச் சூடு எங்கள் மேல் இறங்கும். ஊட்டிக்குப் போனால்கூட நாங்கள் போடாத ஹீட்டரைச் சித்திரை வெயிலில் முழுசாகத் திறந்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் பல்லடத்தை நோக்கிப் போனோம். உலைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. என் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஸ்டியரிங் வேர்வையில் வழுக்கியது. அந்தச் சூட்டில் சீட்டுக்குள் எங்கோ காய்ந்து கிடந்த கறிவேப்பிலையெல்லாம் மறுபடி மணக்கத் தொடங்கியது. "தாளிச்சாச்சு, இனிச் சாம்பாரை ஊத்தறதுதான் பாக்கி," என்றார் இவர்.

"பேசாம வாங்க. முள் ஏறுது."

"எங்க இருக்குது?"

"முக்காலுக்கு மேல."

"சரி, அந்தக் காத்தாலை தெரியுதா? அதுவரைக்கும் போ. அங்க நிறுத்தி ஊத்திக்கலாம்."

அப்படியே நிறுத்தி, காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளம்பி, மறுபடி நிறுத்தி. நான் முள்ளைப் படித்துச் சொல்லுவேன். அவர் சத்தத்தைக் கேட்டு வேகத்தைச் சொல்லுவார். அன்று எங்களில் யார் வண்டி ஓட்டினார்கள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

பண்ணைக்காரரும் மனைவியும் சாலைக்கே வந்து நின்றிருந்தார்கள். ஆட்கள் தயாராக இருந்தார்கள். மோட்டாரை இறக்கி, குழாயில் மாட்டி, கிணற்றுக்குள் விட்டு, ஸ்விட்ச் போட்டபோது மதியம் சாய்ந்துவிட்டது. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலந்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். கொட்டகைக்குள் தூறல் விழ ஆரம்பித்ததும் அத்தனை கோழிகளும் சலசலவென்று எழுந்தன. கொட்டகையின் மேற்கு ஓரத்தில் கொஞ்சம் செத்திருந்தன. மற்றவை பிழைத்தன. பண்ணைக்காரரின் மனைவி எங்கள் இருவரையும் பார்த்து, "ஏனுங்க்கா, எங்க ஊட்டுல குளிச்சுட்டுப் போங்க, இப்படி நனைஞ்சிருக்கீங்க," என்றார். அந்தத் தண்ணீரிலேயே குளித்தேன். அவருடைய சேலையைக் கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

வண்டியைக் கயிறு கட்டித்தான் கோவைக்கு இழுத்துவந்தோம். மெக்கானிக் பழைய பம்பைக் கழற்றி, ஒன்றும் சொல்லாமல் இவர் கையில் கொடுத்தார். இவர் அதை வீட்டுக்கு எடுத்துவந்து, மோட்டார் வேலை செய்யும் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார். யாராவது அது என்ன என்று கேட்டால் முழுக் கதையையும் தானே சொல்லுவார்.

மழை வந்த பிறகு ஒருநாள் காரமடையில் வேலை இருந்தது. அக்கா வீட்டுக்குப் போனோம். வாசலில் வந்து நின்று முதலில் வண்டியைத்தான் பார்த்தார். பின்கதவு நசுங்கலைத் தடவி, "இதை நிமித்தலையா?" என்றார். "நிமித்துனா அடையாளம் போயிரும்க்கா," என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. அவர் கறிவேப்பிலை ஏற்றிக்கொண்டு போன நாட்களில் மார்க்கெட் லாரி ஒன்று பின்னால் வந்து இடித்ததாம். இறங்கிப்போய் அந்த டிரைவரைத் தனி ஆளாக நின்று கேள்வி கேட்டாராம். அன்றுதான் மார்க்கெட்டில் எல்லோரும் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம்.

காபி குடித்து முடித்ததும், "ஒரே ஒரு ரவுண்டு போகட்டுமா?" என்று கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் சாவியை எடுத்து நீட்டினார். முதுகு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அக்கா ஏறி உட்கார்ந்தார். கிளட்சை மிதித்ததும் அவர் முகம் மாறியது.

"ஐயோ, புது கிளட்சு வெண்ணெயாட்ட இருக்குதே! எங்கிட்ட இருந்தப்ப கல்லாட்டம் கெடந்துது."

தெரு முனை வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். இறங்கும்போது நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று இரவெல்லாம் முதுகு வலித்ததாம். போனில் சொன்னார், ஆனால் அதைப் பற்றி ஒரு வெசனமும் இல்லாத குரலில்.

அதற்குப் பிறகும் வண்டி எங்களிடம் நிறைய வருஷம் இருந்தது. போனால் அழுவீர்கள் என்று அக்கா பயமுறுத்திய டர்போ கடைசி வரை போகவே இல்லை. இன்ஜெக்டரைப் பற்றி இவர் கவலைப்பட்டதெல்லாம் வீண். எங்களைத் தோற்கடித்தது துருதான். அடித்தகடு பல இடங்களில் அரித்துவிட்டது. ஓட்டைக்கு மேல் ஓட்டை அடைத்தோம். இவருடைய பார்வையும் மெல்ல மெல்லக் குறுகிவந்தது. நேராக இருப்பதும் இப்போது மங்கல்தான். தோட்டங்களுக்குப் போவதை நிறுத்தி, வீட்டிலேயே காயில் கட்டும் வேலையை ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். பெரிய வண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. பழைய வண்டிகளைச் சரிசெய்து ஓட்டுவதில் ஆசையுள்ள ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். வண்டி தெருவைத் தாண்டும்வரை நான் பார்த்தேன். இவர் அது மெயின் ரோட்டுக்குப் போய்க் கியர் மாறும்வரை கேட்டார்.

இப்போது எங்களிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது. மகள்தான் வாங்கிக்கொடுத்தாள். கியரை அதுவே மாற்றிக்கொள்கிறது. ஏசி நன்றாகக் குளிர்கிறது. என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. போன மாதம் பல்லடத்தில் ஒரு கல்யாணம். போய்விட்டுத் திரும்பும்போது திருச்சி ரோட்டில் நான் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்தேன். சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள், அந்த வரிசை மரம் முழுக்கப் போய்விட்டது, ஒரு கடையில் மலை மாதிரி தர்பூசணி குவித்திருக்கிறார்கள் என்றேன். திரும்பிப் பார்த்தால் அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தப் பழைய வண்டியில் அவர் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை.

எழுப்பவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். வெகு நேரம் கழித்து அவரே கண் விழித்து, "எங்க வந்திருக்கறோம் அம்மணி?" என்றார்.

"சூலூர் தாண்டியாச்சுங்க," என்றேன். "குளத்துல தண்ணி நெறைய இருக்குது. வெள்ளையா ஏதோ பறவை நிக்குது, கூட்டமா."

"அப்படியா," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னும் சொல்லு."